பட்டாளத்தார்: என் தாத்தாவுக்குத் தாத்தா போன சண்டை எது, அவர் ஊர் எது?

புசல்லாவை மகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் "பட்டாளத்தார்" என்று ஒருவரைச் சொல்வார்கள். என் தாத்தாவுக்குத் தாத்தா. பெயரை இங்கே போடவில்லை, சொந்தக்காரர் எல்லாரிடமும் இன்னும் சம்மதம் கேட்கவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் கதை இதுதான். திருச்சிப் பக்கம் ஏரிக்குக் கீழே நிலம் வைத்து உழுதவர். அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறி ஒரு சண்டைக்குப் போய் வந்தவர். தாது வருசப் பஞ்சத்தில் மாடு செத்து, நிலமும் போய், பெண்சாதியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, நடந்தார். கோப்பிக் காட்டில் வேலை. கோப்பி அழிந்தபோதும் திரும்பிப் போகவில்லை. புசல்லாவைக்கு மேலே உள்ள தோட்டத்தில்தான் கண்ணை மூடினார். புதைத்த இடம் இப்போது தேயிலை மலை.

சண்டையைப் பற்றி வீட்டில் சொல்வது ரங்கூன் என்று. ஆனால் கதை ரங்கூன் மாதிரி இல்லை. "யானையைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனாங்க. தண்ணியே இல்லாத கரையில எறங்குனாங்க. மலையைக் குடைஞ்சு ரோட்டுப் போட்டாங்க. மலை உச்சியில இருந்த ராசா, வெள்ளைக்கார ராணி குடுத்த துப்பாக்கியாலயே தன்னைச் சுட்டுக்கிட்டான்." அப்பத்தா இதைச் சொல்லும்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். விக்கிரமாதித்தன் கதையோடு சேர்த்துத்தான் கேட்டோம்.

கையில் இருப்பது ஒரு வெள்ளி மெடல் மட்டும். "ராணிக்காசு" என்போம். தலைமுறை தலைமுறையாகச் சாமித்தட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் குங்குமம் வைத்து, ஆடி மாதம் திருநீற்றால் துலக்கி, ராணியின் மூக்கு முழுக்கத் தேய்ந்துவிட்டது. இரண்டு தடவை அடகுக்குப் போய் மீண்டு வந்ததாகவும் சொல்வார்கள். நடுவில் முக்காடு போட்ட ராணி, சுற்றிலும் நட்சத்திரம் போல முனைகள், மேலே ஒரு கிரீடம். முனைகளுக்கு நடுவில் எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறது. பின்பக்கம் இலை வளையம்.

எந்தச் சண்டை, எந்தப் படை, எந்த ஊர்? தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

நாவலப்பிட்டி ரோட் எழுதியது:

தம்பி, "பட்டாளம்" என்றாலே இந்தியாவில் இருந்த பட்டாளம் என்று எடுக்க வேண்டாம். இங்கே ரோட்டு வெட்டிய பயனீர் படை இருந்தது. மேஜர் ஸ்கின்னர் நடத்தியது. அதில் தென்னிந்தியத் தமிழர் நிறையப் பேர், ஒழுங்கெல்லாம் பட்டாள ஒழுங்குதான். "மலையைக் குடைஞ்சு ரோட்டுப் போட்டாங்க" என்கிற வரி அங்கிருந்தும் வந்திருக்கலாம். சிலோன் றைபிள்ஸ் என்றால் அது பெரும்பாலும் மலாய்க்காரர் படை, 1873இல் கலைத்துவிட்டார்கள். உங்கள் ஆளுக்கு அது பொருந்தாது.

பழைய காசு எழுதியது:

பயனீர் படைக்கு இந்த மெடல் கிடைக்காது. புசல்லாவைத் தம்பி, நீங்கள் எழுதிய அடையாளத்தைப் படித்தவுடனே எனக்குக் கை நடுங்கியது. முக்காடு போட்ட விக்டோரியா, சுற்றிலும் நட்சத்திர முனைகள், மேலே கிரீடம்: இது 1868ஆம் ஆண்டு அபிசீனியப் போர்ப் பதக்கம்.

முனைகளை எண்ணிப் பாருங்கள், ஒன்பது இருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் ஆங்கில எழுத்து. வலமாகச் சுற்றிப் படித்தால் அபிசீனியா என்ற ஒன்பதெழுத்துச் சொல் வரும். பின்பக்க இலை வளையத்துக்கு நடுவில் வாங்கியவரின் பெயரும் படையும் இருக்க வேண்டும். மற்றப் பிரிட்டிஷ் பதக்கங்களில் பெயரை விளிம்பில் குத்துவார்கள். இதில்தான் செலவைப் பாராமல் நடு முகத்திலேயே போட்டார்கள்.

இனி உங்கள் அப்பத்தாவின் கதையை எடுங்கள். இன்றைய எத்தியோப்பியாவை அப்போது ஆண்டவர் தெவொட்ரோஸ் என்ற பேரரசர். பிரிட்டிஷ் தூதரையும் பாதிரிமாரையும் மற்ற ஐரோப்பியரையும் சிறைப்பிடித்து வைத்தார். மீட்கவென்று ஜெனரல் நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து படை போனது. படையினர் 13,000 பேர் அளவில். சுமைக்காரர், சமையல்காரர், மாட்டுக்காரர் என்று கூடப்போனவர்கள் அதற்கு இரண்டு மடங்கு. பீரங்கி சுமக்க 44 யானைகளைக் கப்பலேற்றினார்கள். இறங்கிய இடம் செங்கடல் ஓரத்தில் ஜூலா, நல்ல தண்ணீர் கிடைக்காத கரை. அங்கிருந்து மக்தலா மலைக்கோட்டை ஏறக்குறைய 400 மைல். வழி முழுக்கப் பாதை வெட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 1868 ஏப்ரல் 13 அன்று கோட்டைக்குள் நுழைந்தபோது தெவொட்ரோஸ் தன்னைச் சுட்டுக்கொண்டு கிடந்தார். அந்தக் கைத்துப்பாக்கி விக்டோரியா ராணி முன்பு அவருக்குப் பரிசாக அனுப்பியது.

யானை, தண்ணீரில்லாத கரை, பாதை, ராணி கொடுத்த துப்பாக்கி, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நூறு வருசத்துக்கு மேல் எழுத்தில்லாமல் ஒரு லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறைக்குள்) இந்த விவரமெல்லாம் சிந்தாமல் வந்திருக்கிறது. ஊர்ப்பெயர் மட்டும்தான் ரங்கூனாக மாறியிருக்கிறது. அந்தப் பெயரை நம் சனங்கள் நிறையக் கேட்டிருந்ததால் அப்படி ஆகியிருக்கும்.

தயவுசெய்து இனிமேல் புளி, திருநீறு, பல்பொடி எதுவும் அதில் படக்கூடாது. இரவில் லைட்டை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை மெடலின் ஓரத்துக்குச் சமமாகத் தாழ்த்திப் பிடியுங்கள். எழுத்தின் நிழல் விழும். ஒரே பக்கமிருந்து பார்க்காமல் நாலு பக்கமும் சுற்றிப் பிடித்துப் படமெடுங்கள்.

புசல்லாவை மகன் எழுதியது:

பழைய காசு ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். பெரியப்பா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

முன்பக்கத்தில் ஏ, பி, வை மூன்றும் தெளிவு. அடுத்து இரண்டு எஸ். மற்றவை குங்குமம் இறுகிப் பாதி மூடியிருக்கின்றன, ஆனால் ஒன்பது முனை சரி. பின்பக்கம் இலை வளையத்துக்குள் முதலில் ஓர் எண், கடைசி இலக்கம் மட்டும் தெரியவில்லை. அதன் கீழே பெயர். வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தாலும் எங்கள் பட்டாளத்தார் பெயர்தான். அதற்கும் கீழே "மதராஸ்", பிறகு சாப்பர்ஸ் அன்ட் மைனர்ஸ் என்பதன் முதலெழுத்துகள்.

பெரியப்பாவுக்கு எண்பது கடந்துவிட்டது. பெயரை நான் எழுத்துக் கூட்டி வாசித்ததும் எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெயரை இதுவரை எந்தக் கடுதாசியிலும் அவர் பார்த்ததில்லை.

பழைய காசு எழுதியது:

மதராஸ் சாப்பர்ஸ்! அபிசீனியாவில் ஜூலாக் கரையில் இறங்குதுறை கட்டியது, கிணறு தோண்டியது, கணவாய்ப் பாதை வெட்டியது எல்லாம் இந்த மாதிரிப் படைகளின் வேலை. துப்பாக்கியும் பிடிப்பார்கள், கடப்பாரையும் பிடிப்பார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படை. இன்றைக்கும் இந்திய இராணுவத்தில் இருக்கிறது. அதன் வீரர்களைத் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள் இருக்கின்றன. அந்தத் தொகுதியில் பதக்கப் பட்டியல்கள் உண்டு. எண்ணும் பெயரும் இருந்தால் தேடலாம்.

கம்பளை இளையவன் எழுதியது:

எல்லாரும் சந்தோசப்படுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். அந்தப் படை மக்தலாவில் செய்தது கொள்ளை. கோவில் ஏடுகள், தங்கக் கிரீடம், பூசைப் பாத்திரம் எல்லாவற்றையும் யானையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லண்டன் அருங்காட்சியகங்களில் அவை இன்றும் இருக்கின்றன, எத்தியோப்பியா திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தெவொட்ரோஸின் மகன் அலமாயு சின்னப் பையன். அவனையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 1879இல் அங்கேயே இறந்தான். அதே சாம்ராச்சியம்தான் நம்மைக் காட்டுப்பாதையில் நடக்கவைத்துக் கோப்பிக் காட்டில் போட்டது. அதன் மெடலைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிடுவது எப்படிச் சரியாகும்?

புசல்லாவை மகன் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். கோபம் ஒன்றும் இல்லை. அலமாயு என்ற அந்தப் பிள்ளையின் கதை எங்களுக்குத் தெரியாது. இனிமேல் பட்டாளத்தார் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவன் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

ஆனால் நாங்கள் கும்பிட்டது ராணியை இல்லை. அவருக்குப் படம் கிடையாது, கல்லறை கிடையாது, கையெழுத்து கிடையாது. அவர் கைபட்ட பொருள் இது ஒன்றுதான் மிச்சம். சாமித்தட்டில் ஏறியது அதனால்தான். வேறு வழியில்லாதவன் சம்பளத்துக்குப் போனான். அவனைக் கொள்ளைக்காரன் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

காவிரிக் கரை எழுதியது:

நான் முசிறிக்காரன், குடும்ப வரலாறுகள் தேடுவதில் ஈடுபாடு உள்ளவன். ஊர் கண்டுபிடிக்கும் முன்னால் இரண்டு விஷயம் பேச வேண்டும். இரண்டாவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். இருந்தும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, பஞ்சம். தாது வருடம் என்பது 1876-77. பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்து, 1878 வரை நீண்டது. தென்னிந்தியா, தக்காணம் முழுக்கச் சேர்த்து ஐம்பது லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பொதுவான கணக்கு. அந்த நேரத்திலும் தானியம் ரயிலேறி வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்கக் கல் உடைக்கிறவனுக்கு அது.

எங்கள் பக்கத்தில் காவிரி வாய்க்கால் பாயும் நிலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். வடக்கே துறையூர் வழியில் போகப்போக ஏரிப் பாசனம், கிணறு, மானாவாரி. ஏரி வற்றினால் அடுத்து மாட்டுக்குத் தீவனம் போகும், மாடு போனால் உழவு போகும், உழவு போனால் தீர்வை கட்ட முடியாது. உழவன் நேராக அரசுக்கு நிலவரி கட்டும் ரயத்வாரி முறையில் மழை பெய்யாவிட்டாலும் தீர்வை நிற்கும், அப்புறம் நிலம் ஏலத்துக்கு வரும். "மாடு செத்து நிலம் போச்சு" என்று உங்கள் வீட்டில் சொல்வது அப்படியே அந்த வரிசைதான். அப்போது கண்டிச்சீமையில் கோப்பி நல்ல விலைக்குப் போனது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் கையில் முன்பணத்தோடு ஊருக்குள் வந்தார்கள்.

இரண்டாவது, சாதி. மதராஸ் சாப்பர்ஸில் பறையர் சமூகத்தவரும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அடிமை முறை சட்டப்படி 1843இல் ஒழிந்தாலும் பண்ணையாள் கட்டு நம் வட்டாரத்தில் அதற்குப் பிறகும் நீடித்தது. மிராசுதார் பிடியிலிருந்து வெளியேற ஓர் இளைஞனுக்கு இருந்த சில வாசல்களில் பட்டாளம் ஒன்று. சீருடை, மாதச் சம்பளம், சமமாகப் பந்தியில் உட்கார இடம். அங்கிருந்து திரும்பிய ஒருவர் சொந்தமாக உழுதார் என்றால் அது பெரிய விஷயம். பட்டா நிலமாக இருக்கலாம், குத்தகையாக அல்லது வாரமாகவும் இருக்கலாம். பட்டா இருந்திருந்தால் செட்டில்மென்ட் பதிவேட்டில் (அரசின் நிலவரிக் கணக்கில்) பெயர் வரும். குத்தகை என்றால் வராது. பெயர் வராவிட்டால் அவர் விவசாயியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

புசல்லாவை மகன் எழுதியது:

ஐயா, சாதியைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே வராது. கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். நீங்கள் எழுதியதைப் பெரியப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் கழித்து, "அதுனாலதாண்டா ஊருக்குத் திரும்பிப் போகல" என்றார். பஞ்சம் முடிந்து மழை பெய்தபிறகு தம்பிக்காரர் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். பட்டாளத்தார் போக மறுத்துவிட்டாராம். "சட்டை போட்டு நடந்த தெருவுல இனிமே சட்டையக் கழட்டிட்டு நடக்க மாட்டேன்" என்று சொன்னதாகப் பெரியப்பா சொல்கிறார். இந்த வாக்கியத்தை என் ஐம்பது வயசில் முதல்தடவையாகக் கேட்கிறேன்.

ஹட்டன் டீச்சர் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஊர்ப்பெயர் கிடைக்க இன்னொரு வழி சொல்கிறேன். லண்டனுக்கோ சென்னைக்கோ போகுமுன் உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள்.

உங்கள் தாத்தா 1948இல் முப்பது, முப்பத்தைந்து வயதில் இருந்திருப்பார். அவருடைய அப்பா, அதாவது பட்டாளத்தாரின் மகன், 1880 அளவில் இங்கேயே பிறந்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி இலங்கையில் பிறந்தவரின் தகப்பனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் வம்சாவளிப் பிரஜை. உங்கள் தாத்தா சட்டத்தின்படியே பிரஜைதான்! ஆனால் கோப்பித் தோட்டத்து லயத்தில் 1880இல் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் யார் எடுத்தார்கள்? பத்திரம் இல்லை, அதனால் தகப்பன் இங்கே பிறந்தான் என்று நிரூபிக்க முடியவில்லை. நம் சனங்களில் எத்தனையோ பேர் இந்த ஓட்டையில்தான் விழுந்தார்கள்.

அடுத்து 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. ஊருக்குக் காசு அனுப்பினாயா, ஊருக்குப் போய் வந்தாயா என்று விசாரணையில் துருவினார்கள்.

இதில் நமக்கு வேண்டியது இதுதான்: அந்த விண்ணப்பங்களோடு சத்தியக் கடதாசி வைத்தவர்கள் உண்டு. தகப்பன் யார், தாத்தா யார், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தக் கங்காணி பேரில், எந்தெந்தத் தோட்டத்தில் செக்றோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் இருந்தது என்று தோட்டத்துக் கிளாக்கர் எழுதிக் கொடுப்பார். நம்மைத் தள்ளிவைக்கக் கேட்ட கேள்விகளுக்கு நம் தாத்தாமார் சொன்ன பதில்கள் அவை. நம் வம்சம் எழுத்தில் ஏறிய முதல் இடமும் பலருக்கு அதுவே. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரையச் சொல்லும்போது இந்தக் கடதாசிகளைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

நிராகரிப்புக் கடிதத்தைச் சிலர் கோபத்தில் கிழித்துவிட்டார்கள். பிரதி யாராவது ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவர் யாராவது, நம் சனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இந்தியா போனார்களா?

கோத்தகிரி எழுதியது:

வணக்கம். நாங்கள் 1970களில் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பம். அப்போது தந்த குடும்ப அட்டையை இங்கே எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிறோம். சாதிச் சான்று, கடன், வீடு எதற்குப் போனாலும் அதைத்தான் கேட்டார்கள். அதில் போட்டோ, குடும்பத்தார் பெயர், வயது இருக்கும். இந்தியா வந்த சொந்தக்காரர் உங்களுக்கு இருந்தால், அட்டையை மட்டும் கேட்காதீர்கள். அதோடு மடித்து வைத்த பழைய தாள்களையும் கேளுங்கள். எங்கள் அட்டைக்குள் அப்பாவின் 1951 விண்ணப்ப ரசீதே இருந்தது.

புசல்லாவை மகன் எழுதியது:

டீச்சர் சொன்னதும் கோத்தகிரி அண்ணன் சொன்னதும் பலித்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் கூடலூர்ப் பக்கம் இருக்கிறது. கடிதப் போக்குவரத்து நின்று பலகாலம். ஒரு கல்யாணத்தில் வாங்கிய நம்பரை வைத்துப் பிடித்தோம். குடும்ப அட்டையோடு சேர்த்து, தாத்தா 1951இல் வைத்த சத்தியக் கடதாசியின் பிரதியை அவர்கள்தான் வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் வந்தது.

கிளாக்கர் ஆங்கிலத்தில் தட்டெழுதியிருக்கிறார். தாத்தாவின் தகப்பன் புசல்லாவையில் பிறந்தவர் என்று தோட்டத்தின் பெயரோடு இருக்கிறது. அடுத்த வரியில் பட்டாளத்தாரின் பெயர், மெடலில் உள்ளதைவிட இரண்டெழுத்து மாறி. தொழில் என்ற இடத்தில் "பயிர்ச் செய்கை, முன்னாள் சிப்பாய்" என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறது. அவர் செத்து எத்தனையோ வருடம் கழித்தும் தாத்தா அந்த இரண்டையும்தான் சொல்லியிருக்கிறார். கோப்பித் தோட்டத்துக் கூலி என்று சொல்லவில்லை.

ஊர் என்ற இடத்தில் தாள் மடிந்து கிழிந்திருக்கிறது. கடைசியில் "பட்டி" என்று முடிகிறது. தாலுகா முசிறி என்பது தெளிவாக இருக்கிறது, மாவட்டம் திருச்சிராப்பள்ளி. காவிரிக் கரை ஐயா, படத்தைத் தனியாக அனுப்புகிறேன். ஏரி உள்ள, பட்டியில் முடியும் ஊர்களின் பெயர்களை வடபகுதியிலிருந்து எழுதித் தர முடியுமா? பெரியப்பாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டப் போகிறேன். காதில் விழுந்தால் தெரியும் என்கிறார்.

காவிரிக் கரை எழுதியது:

படம் கிடைத்தது. கிழிசலுக்கு முன்னால் ஓர் எழுத்தின் வால் தெரிகிறது, கீழே இறங்குகிற எழுத்து. அதை வைத்தே பாதி ஊர்களைக் கழித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியல் அனுப்புகிறேன். அதோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் முசிறி தாலுகா செட்டில்மென்ட் பதிவேடுகள் பார்க்க என்ன மனு கொடுக்க வேண்டும் என்றும் கேட்டு வைக்கிறேன். பெரியப்பா எந்தப் பெயருக்குத் தலையாட்டினாலும் உடனே எழுதுங்கள். அந்த ஊரிலிருந்தே தேடத் தொடங்குவோம்.